பழத்தட்டை வாசலில் நிறுத்திய வாடாமல்லி

அன்றைக்கு எங்கள் வாசலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் இப்போது ஆளாளுக்குத் தானும் பக்கத்தில் நின்று பார்த்ததாகச் சொல்லித் திரிகிறார்கள். சபையார் எல்லாம் பந்தல் நாற்காலியில் இருந்தார்கள். படிக்குப் பக்கத்தில் நின்றது இவ்வளவு பேர்தான்: நான், என் மனைவி ஸ்டெல்லா, கதவுக்கு உள்பக்கம் மகள் ஜெனிபா, ஜெப புத்தகத்தோடு எங்கள் சபை ஐயர் (எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்), அம்பாசமுத்திரத்தில் இருந்து வேனில் வந்து இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா, அவர்களுக்குப் பின்னால் பழத்தட்டு ஏந்திய ஏழு பெண்கள், அந்த ஏழு பேரில் ஒருத்தி விரல் இடுக்கில் பிடித்திருந்த செல்போனுக்குள் மாப்பிள்ளை. இத்தனை பேரையும் வாசற்படியில் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு வாடாமல்லி.

வெட்டின பூவுக்காக ஒரு கல்யாணத்தையே திருப்பி அனுப்பத் துணிந்த மனிதர் தாமிரவருணி பாய்கிற இந்தப் பூமியில் அவர் ஒருவர்தான். இன்னொருவர் வந்தால் ஊர் தாங்காது.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். தெருவுக்கு அவர் வாடாமல்லி. ஏதோ ஒரு அரசாங்க ஆபீசில் பழைய காகிதங்களைக் கட்டிவைக்கிற பிரிவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் மூன்று கோடு விபூதி, உடம்பில் கை வைத்த பனியன், மற்றவர்கள் பேனா குத்துகிற இடத்தில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். செடியில் இருக்கிற பூவை அவர் திரும்பியும் பார்க்க மாட்டார். அதற்கு வேர் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்பார். வெட்டின பூ என்றால் மட்டும் மனிதர் துடித்துப்போவார். அது ஒரு நிமிஷம் கூடுதலாக இருந்தாலும் தான் ஜெயித்ததாக நினைப்பு.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். கண்ணாடி போட்ட ஐஸ் பெட்டியில் அவரைக் கிடத்தி, பெட்டி மேல் ரோஜா மாலைகளை அடுக்கியிருந்தார்கள். வாடாமல்லி வந்து பெட்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். துக்கம் தாளாமல் சுற்றுகிறார் என்று நினைத்தோம். மூத்த மகனைத் தனியே கூப்பிட்டார்.

"ஏம்வே, குளிர் பூராவும் உள்ளல்லா இருக்கு. பூவைக் கொண்டு வெளிய வெக்கையில போட்டிருக்கீரே."

அந்த மகனுக்கு ஒன்றும் ஓடவில்லை. இவர் பொறுமையாக விளக்கினார். "உள்ள இருக்கவருக்கு இனி என்ன வாட்டம்? இதுல இன்னும் உயிர் கெடக்கு வே."

நாலு பேர் சேர்ந்து அவரை வெளியே கூட்டிக்கொண்டு வந்து விட்டார்கள். அந்தக் களேபரத்திலும் ஒரு மாலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

முகூர்த்தம் முடிந்த மறுநாள் விடியற்காலம் கல்யாண மண்டபத்து வாசலில் குப்பை வண்டிக்கு முன்னால் நிற்பார். மேடையில் குத்தியிருந்த பூக்களைப் பிடுங்கிக் கோணியில் போட்டுக்கொண்டு, பொண்ணு மாப்பிள்ளையை விட சந்தோஷமாகத் திரும்புவார். அவர் வீட்டுக் குளியலறையில் மனிதர் குளித்துப் பல காலம் ஆகிறது. எல்லா வாளியிலும் பூ. அவர் மனைவி நாகர்கோவிலில் இருக்கிற மகளுக்குப் பிரசவம் பார்க்க என்று போனார்கள். பிறந்த பிள்ளை இப்போது சைக்கிள் விடுகிறான். அவர்கள் திரும்பவில்லை.

மருந்துக்கடையில் போய் ஆஸ்பிரின் மாத்திரை கேட்பார். யாருக்கு சார் நெஞ்சுவலி என்று கடைக்காரர் பதறினால், ரோசுக்கு என்பார். சர்க்கரை, எலுமிச்சை, பிளீச்சிங் பவுடர், செம்புக்காசு என்று தண்ணீரில் அவர் போடாதது இல்லை. எல்லாம் செல்போன் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை. அதில் பாதி பலிக்கும். எந்தப் பாதி என்று அவருக்கும் தெரியாது.

இப்படிப்பட்டவரிடம் என் மகளுடைய வாழ்க்கையைத் தூக்கிக் கொடுக்க வேண்டிவந்தது.

எனக்கு இயல்பிலேயே பயம் கூடுதல். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள். எட்டாம் வகுப்பு பரீட்சை அன்றைக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு எல்லாப் பரீட்சைக்கும் அந்தக் காய்ச்சல் தவறாமல் வந்ததால் படிப்பை அத்தோடு விட்டேன். வீட்டு முன்னறையில் பால், சோடா, கலர், வாழைப்பழம் விற்கிற கடை. ஒரு பெரிய பிரிட்ஜ். அதன் மோட்டார் சத்தம் மாறினால் என் மூச்சும் மாறும்.

ஜெனிபாவுக்கு வந்த மாப்பிள்ளை ஆல்வின். ஹாலந்து நாட்டில் கம்ப்யூட்டர் வேலை. பையன் தங்கம். அவன் அம்மா அம்பாசமுத்திரத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்கள், டீச்சரம்மா என்றால் அந்த ஊரில் பஸ்ஸே ஓரமாக நிற்கும். பெட்டிக்கடைக்காரன் வீட்டில், அதுவும் எட்டாம் வகுப்போடு நின்றவன் வீட்டில் சம்பந்தம் செய்வதில் அவர்களுக்கு மனசே இல்லை. பையன் பிடிவாதமாக நின்றதால் சம்மதித்தார்கள். ஒரு பரீட்சைத்தாளில் சிவப்பு மை வைக்க இடம் தேடுவது மாதிரி எங்களிடம் குறை தேடிக்கொண்டே இருந்தார்கள்.

ஈஸ்டர் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். ஆல்வினுக்கு லீவு கிடைக்கவில்லை. செல்போனில்தான் கலந்துகொள்வான். அதற்கு ஈடாக, பொண்ணு கையில் பிடித்துக்கொள்ள அந்த ஊர் டூலிப் பூவை பெங்களூர் பூக்கடை ஒன்றில் சொல்லி அனுப்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு என்றுதான் சொன்னானாம். பூக்கடைக்காரன் சீக்கிரம் போனால் நல்லதுதானே என்று புதன்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிட்டான். வியாழக்கிழமை காலையில் பெட்டி வந்துவிட்டது. டீச்சரம்மா போனும் வந்தது.

"பூவு வந்துட்டாம்லா. அதைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் பிள்ளை உக்காரணும். என் மகன் அங்கன இருந்து பாத்துக்கிட்டே இருப்பான். வாடிக்கீடிப் போச்சுன்னா எனக்கு மனசு சரிப்படாது, சொல்லிட்டேன்."

பெட்டியைத் திறந்தோம். இருபது பூ. நல்ல சிவப்பு, மூடின மொக்கு, வழவழவென்று தண்டு. ஸ்டெல்லா பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, அதில் நிறுத்தி, காற்று படட்டும் என்று மொட்டைமாடிப் படிக்கட்டில் வைத்தாள். மத்தியானம் போய்ப் பார்த்தால் இருபதும் தலையைத் தொங்கப்போட்டு நிற்கின்றன. ரிசல்ட் வந்த அன்றைக்கு நான் அப்படித்தான் நின்றேன்.

வாடாமல்லி மாமாவைக் கூப்பிடுங்கப்பா என்றாள் ஜெனிபா. ஸ்டெல்லா ஒரே பிடியாக மறுத்தாள். "அந்த ஆளு வீட்டுக்குள்ள வந்தா நாம வெளிய போகணும், பாத்துக்கிடுங்க." அவள் சொன்னது அப்படியே நடந்தது. ஆனால் அந்த நேரத்துக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வந்தார். செருப்பை வாசலில் விட்டு, ஆஸ்பத்திரி ரவுண்ட்ஸ் வருகிற பெரிய டாக்டர் மாதிரி முகத்தை இறுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். வாளியைப் பார்த்ததும் அந்த முகம் உடைந்துவிட்டது. இத்தனை வருஷம் செல்போனில் மட்டும் பார்த்த பூ அது. ஒரு தண்டை இரண்டு விரலால் பிடித்து நாடி பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, போலீஸ்காரர் கூட அப்படிப் பார்க்க மாட்டார்.

"கழுத்து வரைக்கும் தண்ணியில முக்கி வச்சிருக்கீங்களே. இது பூவா, ஊறப்போட்ட துணியா?"

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எங்கள் வீடு அவர் கைக்குப் போனது. வீட்டில் ஒரே ஒரு ஏ.சி., அது ஜெனிபாவின் அறையில். அந்த அறை பூவுக்கு. ஜெனிபா கூடத்தில் பாயை விரித்தாள். ஜன்னலுக்கு எல்லாம் போர்வை கட்டினார். தண்டுகளைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டினார். வெளியே வைத்து வெட்டினால் காற்று ஏறிவிடுமாம். பேப்பரைச் சுருட்டி, கல்யாணச் சட்டைக்குக் காலர் வைப்பது மாதிரி இருபது பூவையும் கழுத்துவரை நிமிர்த்திச் சுற்றினார். வாளியில் நாலு விரல் உயரம்தான் தண்ணீர். அதற்கு மேல் ஐஸ். ஐஸ் என் பிரிட்ஜில் இருந்து. மணிக்கு ஒரு தடவை அவர் பிரிட்ஜைத் திறக்க, மோட்டார் ஒரு மாதிரி முனக, எனக்கு நெஞ்சில் ஒரு மாதிரி வலித்தது.

இருபதில் ஒரு பூவைச் சோதனைக்கு என்று தனியே எடுத்து, என் கடைச் சோடாவில் நிறுத்தினார். அது கொஞ்ச நேரத்தில் செத்துப்போனது. "பாத்தீரா, சோடா ஆகாது" என்று தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். பத்தொன்பது மிச்சம். இருபதில் ஒன்று குறைந்துவிட்டதே என்று ஸ்டெல்லா ஒரு பக்கம் அழுதாள்.

பேப்பரை அவிழ்த்ததும் பூக்கள் நிமிர்ந்துதான் நின்றன. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் உப்பாம். ஆற்றுத் தண்ணீர் வேண்டும். குறுக்குத்துறையில் போய்க் குடத்தில் எடுத்து வருகிறேன் என்றேன். ஊர்ச் சாக்கடை எல்லாம் கலந்தபிறகு அது ஆறா என்று கேட்டார். பாபநாசத்தில், மலையில் இருந்து இறங்கி யார் காலும் படாத இடத்தில் எடுக்க வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை இரண்டு கேனோடு பஸ் ஏறினேன். திரும்பி வரும்போது அம்பாசமுத்திரத்தில் பஸ் மாற வேண்டும். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கேனுக்குப் பின்னால் குனிந்து நின்றேன். அப்படியும், பூ வாங்க வந்த டீச்சரம்மா நேராக என் முன்னால் வந்து நின்றார்கள். எங்க ஊருக்கு வந்துட்டு வீட்டுக்கு வராமப் போறீங்களே, இது என்ன கேன் என்றார்கள். பூ வாடப்போய் அதற்குத் தண்ணீர் என்று சொல்ல முடியுமா? மருந்துக்கு என்று சொல்லிவிட்டேன். பாதி உண்மைதானே. வீட்டுக்கு வந்து சேருவதற்குள் ஸ்டெல்லாவுக்குப் போன் வந்துவிட்டது: உங்க வீட்டுக்காரருக்கு என்ன சீக்கு, எத்தனை வருஷமா, பிள்ளைக்கும் வருமா?

சனிக்கிழமை காலையில் வாடாமல்லி என் கடைக்குள் வந்து அண்ணாந்து பார்த்தார். மேலே நாட்டுப்பழமும் கோழிக்கூடு வாழைப்பழமும் தார் தாராகத் தொங்குகின்றன. பார்த்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"செல்லத்துரை, இதுதான்வே எமன்."

பழுக்கிற பழம் ஒரு மூச்சு விடுமாம். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அந்த மூச்சு பட்டால் பூ கிழடு தட்டிவிடுமாம். கடைக்கும் ஏ.சி. அறைக்கும் நடுவில் ஒரு கதவுதான். பழம் போகட்டும், இல்லையென்றால் நான் போகிறேன் என்றார். வாழைப்பழம் இல்லாத பெட்டிக்கடையை நெல்லைச் சீமையில் யாராவது பார்த்ததுண்டா? தார்களை எல்லாம் ஆட்டோ ஸ்டாண்டில் கொடுத்துவிட்டு வந்தேன். ராத்திரி ஒரு பழம் தின்றால்தான் காலையில் வயிறு இளகும் என்கிற வாடிக்கைக்காரர் ஒருவர் உண்டு. அவர் வெறுங்கையோடு நின்று என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

அன்றைக்கு ராத்திரி ஸ்டெல்லா அலறினாள். பூ வளர்ந்திருக்கிறது. வெட்டிக் கொண்டுவந்த பூ ஒரு விரற்கடை உயர்ந்து, கதவு இடுக்கில் வருகிற வெளிச்சத்தைப் பார்த்துக் கழுத்தைத் திருப்பியிருக்கிறது. இது பூ இல்லை, வேறு என்னமோ, ஐயரைக் கூப்பிடுங்கள் என்றாள். வாடாமல்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டூலிப் அப்படித்தானாம், வெட்டினபிறகும் வளருமாம், வெளிச்சம் பார்த்துத் திரும்புமாம். அதற்குப் பிறகு வாளியைப் பைய பையத் திருப்பிவிட அறைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். ஏ.சி. குளிருக்கு ஸ்டெல்லாவின் ஞாயிற்றுக்கிழமைச் சேலையைப் போர்த்திக்கொண்டார்.

ஞாயிறு சாயங்காலம். வாசலில் பந்தல், நாற்காலி, சமையல் மணம். பத்தொன்பது பூவும் சிப்பாய் மாதிரி நிற்கின்றன. கர்த்தர் கைவிடவில்லை என்று நான் மூச்சு விடும்போது அம்பாசமுத்திரம் வேன் வந்து நின்றது. டீச்சரம்மா இறங்கினார்கள். பின்னால் ஏழு பெண்கள், ஏழு தட்டு. ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, மாம்பழம், நடுவில் ஒரு தட்டில் சீப்புச் சீப்பாக வாழைப்பழம்.

பழத்தட்டு வரும் என்பது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். வாடாமல்லிக்கும் அது தெரியும்தானே, அதைப் போய் அவரிடம் சொல்லவேண்டுமா என்று இருந்துவிட்டேன். அவர் மண்டையில் மூன்று நாளாகப் பூவைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

ஸ்டெல்லாவின் சேலையை உதறிவிட்டு அறைக்குள்ளிருந்து ஓடி வந்தார். வாசற்படியில் நின்று கையை விரித்தார்.

"அம்மா, ஆளெல்லாம் தாராளமா உள்ள வாங்க. பழம் மட்டும் வெளிய நிக்கட்டும்."

டீச்சரம்மா அவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். "இது யாரு?" பக்கத்து வீடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர்களே அடுத்ததைக் கேட்டுவிட்டார்கள்.

"எங்க தட்டை வாசல்ல நிறுத்துதீங்களா?"

"தட்டை இல்லம்மா. அதுல இருக்க பழத்தைத்தான். அது விடுத மூச்சு பூவுக்கு ஆகாது."

"எனக்கும் சயின்ஸ் தெரியும். நான் எத்தனை வருஷம் பாடம் நடத்துனவ. பழத்தட்டை வாசல்ல நிறுத்துனா அதுக்கு என்ன அர்த்தம்னும் எனக்குத் தெரியும்."

எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த அர்த்தம்தான். மாப்பிள்ளை வீட்டுத் தட்டு படி தாண்டவில்லை என்றால், பொண்ணு வீட்டுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று பேச்சு. வாய் திறந்து வேறு சொல்ல வேண்டியதில்லை. ஐயர் ஜெப புத்தகத்தை மூடினார். ஸ்டெல்லா பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டாள். வாடாமல்லியின் கை இரண்டும் விரித்தபடியே இருந்தன. அந்த மனிதருக்கு இன்னும் விஷயம் ஏறவில்லை. தட்டுகளையே, குறிப்பாக வாழைப்பழத்தையே முறைத்துக்கொண்டு நின்றார்.

"வேனைத் திருப்பச் சொல்லுங்க" என்றார்கள் டீச்சரம்மா. குரலை உயர்த்தக்கூட இல்லை.

செல்போனில் இருந்து ஆல்வின், ஒண்ணும் கேக்கலையே, அங்கன என்ன நடக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தான். டிரைவர் என்ஜினைக் கிளப்பினார். ஏழு தட்டும் திரும்பின. என் மகளுடைய கல்யாணம் ஆப்பிளும் ஆரஞ்சுமாக நடந்து போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது வாடாமல்லியின் கைக்கு அடியில் குனிந்து ஜெனிபா வெளியே வந்தாள். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, மூன்று நாள் கூடத்தில் பாயில் படுத்த தூக்கம் கண்ணில் கிடந்தது.

"அத்தை, நீங்க மட்டும் உள்ள வந்து ஒரு தடவை பாருங்க. பாத்துட்டுப் போகணும்னு தோணுனா போங்க. நான் தடுக்க மாட்டேன்."

கெஞ்சவில்லை, அழவில்லை. என் மகளா இது என்று எனக்கே ஆச்சரியம். டீச்சரம்மா படி ஏறினார்கள். வாடாமல்லி வழிவிட்டார். விட்டதோடு நிற்காமல், கையில் பழம் கிழம் தொட்டீங்களாம்மா என்று வேறு கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அறைக்குள் இருட்டு, குளிர். போர்வைக்குள்ளிருந்து கசிகிற வெளிச்சத்தில் பத்தொன்பது பூவும் பாதி வாய் திறந்து நின்றன. சுற்றிலும் ஐஸ் டப்பா, பாபநாசத்துக் கேன், சுருட்டின பேப்பர், வாடாமல்லி உட்காருகிற முக்காலி. டீச்சரம்மா கேனைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். என் சீக்கு என்ன என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. குனிந்து முகர்ந்தார்கள்.

"வாசனையே இல்லையே."

"கிடையாதும்மா" என்றார் வாடாமல்லி. "பாக்கதுக்குத்தான். உங்க மகன் இருக்க ஊருல இதுதான் கிடைக்கும். கைக்குக் கிடைச்சதை அனுப்பியிருக்காவ. வந்த அன்னைக்கு எல்லாம் தலையத் தொங்கப்போட்டுக் கெடந்துச்சு. இப்பம் பாருங்க, நிமுந்து நிக்கி."

டீச்சரம்மா ஒரு பூவைத் தொட விரலை நீட்டினார்கள், தொடாமல் எடுத்துக்கொண்டார்கள். ஆல்வின் ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. தட்டை வெளியே வைத்துவிட்டு அந்தப் போனை மட்டும் கொண்டுவா என்றார்கள். போன் வந்தது. அதைப் பூவுக்கு நேராகப் பிடித்தார்கள்.

"பாத்தியாலே. உன் பூவு. அப்படியே இருக்கு."

ஆல்வின் அந்தப் பக்கம் தேங்க்ஸ்மா என்றான். டீச்சரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள்.

"எங்கிட்ட ஏன் சொல்லுத? இங்கன ஒரு கிறுக்கரு நிக்காரு, அவருட்ட சொல்லு."

சொன்னான். வாடாமல்லிக்கு அது காதில் விழவில்லை. பூ திறக்கத் தொடங்கிவிட்டது, நாளைக்குத் தாங்காது, சீக்கிரம் ஆகட்டும் என்றார். டீச்சரம்மா வெளியே வந்து வேனை அணைக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தை நடத்தின குரல் திரும்ப வந்துவிட்டது. "தட்டு படி தாண்டவேண்டாம். பிள்ளை படி தாண்டி வரட்டும். எல்லாம் பந்தல்லயே நடக்கட்டும்."

அதற்கும் வாடாமல்லி நிபந்தனை போட்டார். காற்று மேற்கே இருந்து வருகிறது, ஆகவே பொண்ணும் பூவும் மேற்கே, தட்டு எல்லாம் கிழக்கே. நடுவில் ஐயர். பூவுக்கும் பழத்துக்கும் இடையில் நின்று ஒருவர் ஜெபம் பண்ணியது திருச்சபை வரலாற்றில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். எங்கள் ஐயர் ஜெபத்தில் தொடங்கினால் ஆதாமில் இருந்து வருவார். வாடாமல்லி பின்னால் இருந்து தொண்டையைக் கனைக்கக் கனைக்க, நேராக ஆசீர்வாதத்துக்கு வந்துவிட்டார். சபையார் அந்த ஒரு காரியத்துக்காக இன்றைக்கும் வாடாமல்லியை வாழ்த்துகிறார்கள்.

நிச்சயதார்த்தப் போட்டோ ஒன்றுகூட உருப்படியில்லை. எல்லாவற்றிலும் ஜெனிபாவின் தோளுக்குப் பின்னால் கை வைத்த பனியனும் விபூதியுமாக ஒருவர் விசிறியோடு நிற்கிறார். விசிறி பொண்ணுக்கு இல்லை. ஹாலந்தில் ஆல்வினின் நண்பர்கள், அவர்தான் பொண்ணின் அப்பா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

திங்கட்கிழமை காலையில் இதழ்கள் உதிரத் தொடங்கின. கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன், அண்ணாச்சி, அந்தப் பழம் உள்ள வந்திருந்தா நிசமாவே பூ வாடியிருக்குமா என்று.

"ஒரு மணி நேரத்துல என்ன ஆயிரப்போவுது? ஒண்ணும் ஆயிருக்காது."

"பின்ன ஏன் நிறுத்துனீங்க?"

"ஒருவேளை ஆயிட்டா?" என்றார்.

வாழ்நாள் முழுக்க நான் எல்லாரிடமும் சொல்லிவருகிற வார்த்தை அது. என் வாயில் இருந்து வரும்போது யாரும் அதை மதித்ததில்லை.

கல்யாணம் நல்லபடியாக முடிந்து ஜெனிபா ஹாலந்துக்குப் போய்விட்டாள். அங்கே டூலிப் நம் ஊர் கீரைக்கட்டு மாதிரிக் கிடைக்கிறதாம், வாடினால் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்குகிறார்களாம். போனில் இதை வாடாமல்லியிடம் விளையாட்டாகச் சொல்லிவிட்டாள். மனிதர் அவளோடு சில நாள் பேசவில்லை. பிறகு தானாகவே வந்து, பிள்ளைக்கு அங்கன குளிரு ஒத்துக்கிடுதா என்று கேட்டார். அன்றிலிருந்து தினம் கடை திறக்கிற நேரத்துக்கு வருகிறார். ஸ்டெல்லா திட்டிக்கொண்டே காப்பி கொடுக்கிறாள். ஜெனிபா என்ன சொன்னாள், என்ன சாப்பிட்டாள், மழை உண்டா என்று என்னைவிட அதிகமாக விசாரிக்கிறார்.

இந்தக் கட்டுரையையும் அவர் படிப்பார். நாளைக்குக் காலையில் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வந்து, என்னவே எழுதி வச்சிருக்கீரு என்று தெரு கேட்கக் கத்துவார். கத்தட்டும். பால் பாக்கெட் எல்லாம் விற்று முடிகிறவரை அவர் தலை தெரியாத காலைகளில்தான் கடையை அப்படியே போட்டுவிட்டு, என்ன ஆயிற்றோ என்று அவர் வீட்டுப் பக்கம் ஓடுகிறேன்.